சென்னை – சோனௌலி – முக்திநாத்: நாலு பைக், அஞ்சு பேர், 16 நாள். பூட்டானும் சேர்க்கலாமா?

#1 காவிரிக்கரை
வணக்கம். அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். ஹிமாலயன் 411 இரண்டு, டொமினார் 400 ஒன்று, எக்ஸ்பல்ஸ் 200 ஒன்று. ஒரு நண்பர் பில்லியன் (பின்னால் உட்கார்ந்து வருபவர்). கையில் 16 நாள். நாக்பூர், ஜபல்பூர், பிரயாக்ராஜ், கோரக்பூர் வழியாக சோனௌலியில் நேபாளம் நுழைந்து போக்ரா, முக்திநாத், காட்மாண்டு பார்த்துவிட்டு, கிழக்கே ககர்பிட்டாவில் வெளியேறி, சிலிகுரி வழியாக பூட்டானில் அஞ்சு நாள் என்று போட்டிருக்கிறோம். ஒரு ஹிமாலயனின் ஆர்.சி. நண்பரின் அப்பா பெயரில் இருக்கிறது. பேப்பர், உதிரி பாகம், மலைச்சாலை மூன்றையும் பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.

#2 மலைப்பாதை
முதலில் நாள் கணக்கைச் சரி செய்யுங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்.

சென்னையிலிருந்து சோனௌலி சுமார் 2,100 கி.மீ. முதல் நாள் ஹைதராபாத் 630, இரண்டாம் நாள் நாக்பூர் தாண்டி சியோனி 620, மூன்றாம் நாள் பிரயாக்ராஜ் 515, நாலாம் நாள் கோரக்பூர் 270. இதுக்கு மேல ஓட்டினா ஆறாம் நாள் மலையில கை நடுங்கும். நாக்பூர்–சியோனி பகுதி பென்ச் காட்டுக்குள்ள போகுது. விலங்குகள் கீழே கடக்குறதுக்காகவே சாலையைத் தூக்கிக் கட்டியிருக்காங்க. அங்கே இருட்டுறதுக்கு முன்னாடி ஊர் சேர்ந்துடணும்.

போக நாலு, வர நாலு, ஆக எட்டு நாள் இந்தியாவுக்குள்ளேயே போயிடுது. மீதி எட்டுல முக்திநாத் மட்டும் ஏழு நாள் கேட்கும். முக்திநாத் வழியில பெனிங்கிற ஊரிலிருந்து ஜோம்சோம் வெறும் 76 கி.மீ., ஆனா அதுக்கு ஒரு முழுப் பகல் வேணும். மேப் காட்டுற மணிக்கணக்கை அந்த இடத்துல நம்பவே கூடாது. காட்மாண்டுவை விடுங்க, பூட்டானையும் விடுங்க. மிச்சமாகிற ஒவ்வொரு நாளையும் பெனிக்கு மேல செலவழிங்க, அங்கேதான் அது தேவைப்படும்.

பூட்டானுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2022 செப்டம்பரிலிருந்து இந்தியர்களுக்கும் ஒரு இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம். அஞ்சு பேர், அஞ்சு இரவுன்னா அதுவே 30,000. அவ்வளவு கட்டிட்டு ஓடி ஓடிப் பார்க்குற நாடு இல்லை அது. சிலிகுரியிலிருந்து தொடங்குற தனிப் பயணமா வைங்க.

#3 பரங்கிமலை
எல்லைப் பேப்பர் பற்றி எழுதுகிறேன்.

இந்தியப் பதிவெண் வண்டிக்கு நேபாளத்தில் கார்னே (வண்டியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கான சுங்க உத்தரவாத ஆவணம்) தேவையில்லை. சுங்க அலுவலகத்தில் பன்சார், அதாவது வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோகும் அனுமதி, எடுக்க வேண்டும். ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை மூன்றின் அசலையும் காட்ட வேண்டும், நகலைக் கொடுக்க வேண்டும். செல்போனில் இருக்கும் டிஜிலாக்கரை நம்பிப் போகாதீர்கள், அது நம் நாட்டு ஏற்பாடு. அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஆளுக்கு நாலு பாஸ்போர்ட் அளவு போட்டோ, எல்லாப் பேப்பருக்கும் மூன்று செட் நகல். நகலை ஒரே பையில் போடாமல் இரண்டு வண்டியில் பிரித்து வையுங்கள்.

பன்சார் கட்டணம் நாள் கணக்கில். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். சாயங்காலம் நுழைந்தால் ஒரு நாள் கட்டணம் வீண். கோரக்பூரிலோ நௌதன்வாவிலோ தங்கி, காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். எட்டு நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் பத்து நாளுக்குக் கட்டுங்கள். ஒரு மண்சரிவு வந்தால் இரண்டு நாள் போய்விடும். தேதி தாண்டிய பேப்பரோடு எல்லைக்கு வந்தால் அபராதம் அந்த இரண்டு நாள் கட்டணத்தைவிடப் பல மடங்கு. ஒரு நிதியாண்டில் ஒரு வண்டிக்கு மொத்தம் 30 நாள்தான். அவர்களுடைய நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்கும்.

பேப்பர் கைக்கு வந்ததும் பதிவெண், இன்ஜின் எண், சேசிஸ் எண் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறிப் போவது சாதாரணம். அங்கேயே திருத்தினால் ஐந்து நிமிட வேலை. நடுவழிச் சோதனையில் தெரிந்தால் நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். திரும்பும்போது அந்தப் பேப்பரைச் சுங்கத்தில் ஒப்படைக்காமல் இந்தியாவுக்குள் வந்துவிடாதீர்கள். திறந்த எல்லை என்பதால் யாரும் பிடித்து நிறுத்த மாட்டார்கள், நாம்தான் தேடிப் போக வேண்டும்.

அப்பா பெயரில் உள்ள வண்டிக்கு அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், நோட்டரி முத்திரையோடு, ஆங்கிலத்தில். வண்டி எண், ஓட்டுபவர் பெயர், உரிம எண், போகும் நாடு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என எல்லாம் இருக்க வேண்டும். கூடவே அப்பாவின் அடையாள அட்டை நகல்.

#4 பாலிசிப்பித்தன்
இன்சூரன்ஸை யாரும் தொடவில்லையே. இந்தியாவில் எடுத்த மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி எல்லையை விரிவுபடுத்தலாம். பழைய இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இது ஜி.ஆர். 4, பாலிசியில் ஒட்டப்படும் பின்குறிப்பு ஐ.எம்.டி. 1. அந்த விதிப்படி முழுக் காப்பீட்டுக்கு 500 ரூபாய், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் என்றால் 100 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் ஆன்லைனில் பாலிசி புதுப்பிக்கும் பக்கங்களில் பெரும்பாலும் இந்தத் தேர்வே இருக்காது. கிளை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள், இரண்டு வாரம் முன்பாகவே. "நேபாளம்" என்று பெயர் போட்ட பின்குறிப்பு கைக்கு வந்த பிறகுதான் கேட்டதற்கு அர்த்தம். "கவர் ஆகும் சார்" என்று போனில் சொன்னதை வைத்து கிளெய்ம் வாங்க முடியாது.

உடம்புக்கான காப்பீடு வேறு. இருசக்கர வண்டி ஓட்டுவதும், 4,000 மீட்டர் வரையிலான உயரமும், ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

#5 வல்லைவெளி
நான் இலங்கைப் பாஸ்போர்ட். சென்னையில நண்பரின்ர பைக்கை எடுத்துக்கொண்டு இவையளோட சேர்ந்து போக ஏலுமோ?

#6 பரங்கிமலை
ஏலும், ஆனால் உங்களுக்கு நடைமுறை வேறு. இந்தியர்கள் விசா இல்லாமல் போவார்கள். நீங்கள் சோனௌலியில் முதலில் இந்தியக் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை, பிறகு எல்லையின் நேபாளப் பக்கமான பெலகியாவில் நேபாள விசா. சார்க் நாட்டவருக்கு ஆண்டில் முதல் முறை 30 நாள் விசாவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு அலுவலகமும் கடைகளுக்கு நடுவே ஒதுங்கி இருக்கும். கூட்டத்தோடு ஓட்டிக்கொண்டே போனால் முத்திரை இல்லாமலேயே அந்தப் பக்கம் போய்விடுவீர்கள், அது பெரிய சிக்கல். இந்திய விசா பலமுறை நுழைவாக இருக்க வேண்டும், அந்த எல்லை வழியாகத் திரும்பி வர அது செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், பைக் உரிமையாளரின் கடிதமும் கட்டாயம்.

#7 கண்டகி
சாலை நிலவரம். புட்வல் தாண்டியதும் சித்தபாபா பகுதி, செங்குத்தான பாறைக்கு அடியில் போகும் சாலை, கல் விழும் இடம். சுரங்கப்பாதை வேலையும் நடக்கிறது. அங்கே போட்டோவுக்கு நிற்காதீர்கள். பிறகு தான்சேன், வாலிங், ஸ்யாங்ஜா வழியாக போக்ரா. எல்லையிலிருந்து 180 கி.மீ. வளைவு மேல் வளைவு, ஒரு பகல் ஆகும். நாராயண்கட்–முக்லிங் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2024 ஜூலையில் சிமல்தாலில் மண்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிய சாலை அது.

போக்ராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதியை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டவரில் சார்க் நாட்டவருக்குத் தனிக் குறைந்த கட்டணம் உண்டு, நேபாள ரூபாயில் கட்ட வேண்டும், இரண்டு போட்டோ கேட்பார்கள்.

பெனியிலிருந்து காளி கண்டகி ஆற்றோரமாகவே ஏறுவீர்கள். ஒரு பக்கம் தவளகிரி, மறு பக்கம் அன்னபூர்ணா, இரண்டும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல். மோசமான பகுதி தாதோபானிக்கும் காசாவுக்கும் நடுவே. பாறையைக் குடைந்த ஒற்றை வழி, உடைந்த கல், ரூப்ஸே அருவித் தண்ணீர் சாலையோரத்தில். எதிரே பேருந்து வந்தால் நீங்கள் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், ஆற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஓரத்து மண்ணுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

காசா தாண்டி காலோபானி வந்ததும் பள்ளத்தாக்கு விரியும். அங்கே காற்றுதான் எதிரி. காலை பத்து, பதினொன்றுக்குத் தெற்கிலிருந்து கிளம்பி சாயங்காலம் வரை அடிக்கும். ஜோம்சோமில் விமானங்கள் காலையில் மட்டுமே இறங்குவதும் அதனால்தான். ஏறும்போது முதுகில் தள்ளும், பெரிதாகத் தெரியாது. இறங்கும்போது முகத்தில் மணலை வாரி இறைக்கும், லேசான எக்ஸ்பல்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தும். அதனால் மேலிருந்து இறங்கும் நாள் ஆறு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் மார்பா, துகுச்சே தாண்டிவிடுங்கள். ஜோம்சோமுக்கு மேல் காக்பேனி, முக்திநாத் வரை பெரும்பாலும் தார்ச்சாலை. நிழல் விழும் வளைவுகளில் மட்டும் காலையில் பனிப்படலம் இருக்கும்.

#8 ஸ்பேனர்செட்
ஓடை கடக்குறதுல வண்டியைக் கொல்லுற விஷயம் ஒண்ணு இருக்கு, அதைத் தெளிவா சொல்லிடுறேன்.

முதல்ல ஒருத்தர் நடந்து பாருங்க. தண்ணி முழங்காலுக்கு மேல இருந்தா அன்னைக்கு வேண்டாம், காலையில வாங்க. உருகின தண்ணி மத்தியானத்துக்கு மேலதான் கூடும். கடக்கும்போது முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர், கிளட்சைத் தொடாதீங்க, பார்வை அக்கரையில. வேகமாப் போனா முன் சக்கரம் எழுப்புற அலை நேரா ஏர் பாக்ஸுக்குள்ள போகும்.

வண்டி தண்ணியில சாஞ்சு நின்னு போச்சுன்னா ஸ்டார்ட்டரை அமுக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அந்தத் தண்ணியை அழுத்திச் சுருக்க முடியாது, பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். மலை மேல அதுக்கு வைத்தியமே இல்லை. கில் சுவிட்சை அணைச்சு, தள்ளிக் கரையேத்தி, ஏர் ஃபில்டரை வெளியில எடுத்துப் பாருங்க. ஃபில்டர் காஞ்சிருந்தா பெரும்பாலும் பயமில்லை. நனைஞ்சிருந்தா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை உருவிட்டு, ரெண்டு மூணு செகண்ட் ஸ்டார்ட்டர் அடிங்க. பிளக் ஓட்டை வழியா தண்ணி பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வைங்க. தண்ணி நின்ன பிறகும் ரெண்டு தடவை அடிச்சு, பிளக்கைத் துடைச்சு மாட்டுங்க. டொமினார்ல மூணு பிளக் இருக்கு, ஆனா சிலிண்டர் ஒண்ணுதான், கைக்கு எட்டுற ஒரு பிளக்கைக் கழட்டினாப் போதும். அந்த வண்டிக்கான பிளக் ஸ்பேனர் டூல் கிட்ல இருக்கான்னு சென்னையிலேயே கழட்டி மாட்டிப் பாருங்க. கடைசியா ஆயில் லெவல் கண்ணாடியைப் பாருங்க. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா ஆயில் மாத்தாம ஓட்டக் கூடாது. அதுக்குத்தான் குழுவுக்கு ரெண்டு லிட்டர் ஆயில் வேணும்.

உதிரி பாகம்: ஹிமாலயனும் எக்ஸ்பல்ஸும் ஸ்போக் வீல், டியூப் டயர். மூணுக்கும் முன்னால 21 இன்ச். பின்னால ஹிமாலயனுக்கு 17, எக்ஸ்பல்ஸுக்கு 18. 21 இன்ச் டியூப் ரெண்டு, 17-ல ஒண்ணு, 18-ல ஒண்ணு. டயர் லீவர் மூணு, சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு, கைப்பம்பு ஒண்ணு. டொமினார் டியூப்லெஸ், பஞ்சர் ஸ்ட்ரிப் பத்து போதும். ஆனா கல்லுல ரிம் நெளிஞ்சா அதுவும் காத்து நிக்காது, அதனால அந்த வண்டிக்கும் ஒரு 17 இன்ச் டியூப். ஒவ்வொரு மாடலுக்கும் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன்–பின் பிரேக் பேடு, கிளட்ச் லீவர், கியர் லீவர். செயின் லாக் லிங்க் அவங்கவங்க செயின் அளவுக்கு. புது கேபிளைப் பழைய கேபிள் பக்கத்துலயே இழுத்துக் கட்டி வைச்சுட்டா, அறுந்த இடத்துல பத்து நிமிஷத்துல மாத்திடலாம்.

செயின் ஸ்ப்ராக்கெட் 20,000 கி.மீ. ஓடியிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்துங்க, அதுவும் 500 கி.மீ. முன்னாடி. புது செயின் முதல்ல கொஞ்சம் நீளும், அதை ஊரிலேயே ஒரு தடவை இறுக்கிக்கலாம். மலையில தினமும் சாயங்காலம் செயினைத் துடைச்சு லூப்ரிகண்ட் போடுங்க.

#9 காவிரிக்கரை
மிக்க நன்றி. பில்லியனை எக்ஸ்பல்ஸில் வைத்திருந்தோம், அவர்தான் எடை குறைவு. உயரத்தில் டயர் காற்றைக் குறைக்கணும் என்கிறார்களே, சரியா?

#10 ஸ்பேனர்செட்
பில்லியனை மாத்துங்க. 3,700 மீட்டர்ல காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. ஃபியூயல் இன்ஜெக்ஷன் கலவையைச் சரி பண்ணும், இல்லாத காத்தைக் கொண்டுவராது. எக்ஸ்பல்ஸோட 19 குதிரைத்திறன் அங்கே 12 கிட்டத்தான் இருக்கும். ரெண்டு பேரோட ஏத்தத்துல அரை கிளட்சுல ஓட்டி ஓட்டி பிளேட் கருகிடும். பில்லியன் டொமினார்ல வரட்டும், மோசமான இடத்துல இறங்கி நடக்கட்டும். அவரோட பையை மட்டும் ஹிமாலயன்ல கட்டுங்க.

டயர் காத்து: வெளி அழுத்தம் குறையுறதால கேஜ் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடக் காட்டணும். ஆனா மேலே குளிர், அது 3, 4 பி.எஸ்.ஐ. இறக்கிடும். கடைசியில வித்தியாசம் ரொம்பக் கம்மி. உயரத்துக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். பெனிக்கு மேல கல்லுக்காக ரெண்டு, மூணு குறைக்கலாம். அதுக்கு மேல குறைச்சா டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டிப் பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

#11 மலைப்பாதை
ஆளுக்கும் காத்து கம்மிதான், அதையும் பாருங்க. போக்ரா 820 மீட்டர், முக்திநாத் 3,700-க்கு மேல. ஒரே மூச்சுல ஏறி அங்கேயே படுத்தா ராத்திரி தலைவலி, வாந்தி நிச்சயம் யாருக்காவது வரும். முதல் இரவு காலோபானி, 2,530 மீட்டர். அடுத்த இரவு காக்பேனி, 2,800. மறுநாள் காலையில முக்திநாத் ஏறிட்டு அன்னைக்கே மார்பா இறங்கிடுங்க. கோயிலுக்குக் கீழே இருக்குற ராணிபௌவா ஊர்ல வண்டியை விட்டுட்டுக் கோயிலுக்கு நடந்து படியேறணும், ரைடிங் பூட்ஸோட மெதுவாப் போங்க. திருமங்கையாழ்வார் பாடின திருச்சாளக்கிராமம்னு வைணவர்கள் கொண்டாடுற தலம், 108 நீர்த்தாரையும் உறையுற குளிர்ல இருக்கும். குளிக்கிறவங்க உடனே துடைச்சு மாத்த துணி கையில வைச்சுக்கணும்.

உயரத்தால வர்ற தலைவலி, வாந்திக்கான அசெடசோலமைடு மாத்திரையைக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கணும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவங்க அதைக் கட்டாயம் சொல்லணும். தலைவலியோட நடை தள்ளாடுச்சுன்னா, பேச்சு குழறுச்சுன்னா, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. வண்டியை விட்டுட்டு ஜீப் பிடிச்சு இறக்குங்க.

#12 வடசென்னை_பார்சல்
16 நாளை 18 ஆக்க ஒரு வழி இருக்கு ப்ரோ. திரும்பும்போது கோரக்பூர்லேருந்து வண்டியை ரயில்ல போட்டுடுங்க. திருவனந்தபுரம் போகுற ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் சென்னை வழியாத்தான் போகுது, ஆனா தினசரி இல்லை. அதே ரயில்ல டிக்கெட் இருந்தா லக்கேஜா போடலாம், இல்லேன்னா பார்சல். டேங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, பார்சல் ஆபீஸ்ல பார்ப்பாங்க. ஆர்.சி. நகல், அடையாள நகல், சாக்கும் வைக்கோலும் வைச்ச பேக்கிங், அட்டையில பேரும் ரெண்டு ஸ்டேஷன் பேரும் பெருசா. கண்ணாடி, சேடில் பேக், ஜி.பி.எஸ். மவுண்ட் எல்லாத்தையும் கழட்டி கையோட எடுத்துக்குங்க.

#13 மலைப்பாதை
திரும்பும்போதுன்னா சரி, நானும் ஒத்துக்குறேன். போகும்போது போட்டா, பார்சல் வேன்ல இடம் இல்லாம வண்டி பின்தங்கினா லீவு எல்லாம் கோரக்பூர் லாட்ஜ்லேயே கரையும்.

#14 கண்டகி
மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய ரூபாய் ஒன்றுக்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான விகிதம். 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோய் எல்லையிலேயே மாற்றிவிடுங்கள். 2024 மார்ச்சிலிருந்து ஃபோன்பே (Fonepay, நேபாள நிறுவனம்; நம் ஊர் PhonePe அல்ல) கியூ.ஆர். உள்ள கடைகளில் நம் யு.பி.ஐ. வேலை செய்கிறது, போக்ரா வரை உதவும், பெனிக்கு மேல் பணம்தான். சிம் நேபாள் டெலிகாம், ஜோம்சோம், முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்தில் அதற்குத்தான் சிக்னல். நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னே. குடித்துவிட்டு ஓட்டுவதை ஊதவைத்துப் பிடிப்பார்கள், மிகவும் கண்டிப்பு.

பெட்ரோல் கேன் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பெனியிலிருந்து முக்திநாத் போய்த் திரும்ப 200 கி.மீ. லிட்டருக்கு 25 என்று குறைத்துப் போட்டாலும் எட்டு லிட்டர். உங்கள் வண்டிகளில் சின்ன டேங்கே 13 லிட்டர்.

#15 காவிரிக்கரை
பூட்டான், காட்மாண்டு இரண்டும் நீக்கியாச்சு. புதிய திட்டம்: 5-ம் நாள் பன்சார், போக்ரா. 6 அனுமதி, வண்டி பார்ப்பது. 7 காலோபானி. 8 காக்பேனி. 9 முக்திநாத், மார்பா. 10 பெனி. 11 போக்ரா. 12 கோரக்பூர். பிறகு ரயில். முன்னால் டொமினார், கடைசியில் ஹிமாலயன். சரியா?

#16 ஸ்பேனர்செட்
7-ம் நாள் போக்ராவுல ஆறு மணிக்குக் கிளம்பணும். பகல் ரெண்டு மணிக்குள்ள தாதோபானி தாண்டலேன்னா அங்கேயே தங்கிடுங்க, காலோபானியை மறுநாள் பாருங்க. ரயில்ல மிச்சமாகிற ரெண்டு நாள் அதுக்குத்தான்.

முன்னால டொமினார் வேண்டாம், அது வேகத்தை ஏத்திவிடும். மலையில எக்ஸ்பல்ஸ் முன்னால போகட்டும். கம்மியான சக்தி உள்ள வண்டியோட வேகம்தான் குழுவோட வேகம். கடைசி வண்டிக்காரர்கிட்ட டூல் கிட், டியூப், கம்ப்ரஸர், முதலுதவிப் பை நாலும் இருக்கணும், ஏன்னா நின்னு போன வண்டிகிட்ட முதல்ல வந்து சேர்றவர் அவர்தான். ஒவ்வொரு பிரிவுச் சாலையிலயும் பின்னால வர்றவர் உங்களைப் பார்க்குற வரைக்கும் நில்லுங்க. அவர் அதையே அடுத்தவருக்குச் செய்யணும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குல போனை நம்பிக் குழுவைச் சேர்த்து வைக்க முடியாது.

#17 பாலிசிப்பித்தன்
பன்சார் 5-லிருந்து 12 வரை எட்டு நாள். பத்துக்குக் கட்டுங்கள். நேபாளத்துக்கான இன்சூரன்ஸ் பின்குறிப்பைக் கேட்டு இந்த வாரமே மெயில் போடுங்கள், நாலு வண்டிக்கும் தனித்தனியாக.